அட்டாலியில் கிடந்த செய்தி

பவானியில் நான் வேலை பார்க்கும் டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிக்கிறோம். தமிழில் வேகமாக டைப் அடிக்கத் தெரியும் என்பதால், ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து ஜமக்காள நெசவாளர்கள் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். என் அப்பா நாற்பது வருஷம் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு ஜமக்காளம் நெய்தவர். அதனால் மாட்டேன் என்று சொல்லும் எண்ணமே எனக்கு வரவில்லை.

எங்கள் கோரிக்கை சிக்கலானது இல்லை. 1985ஆம் வருஷத்துக் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டப்படி, பதினோரு ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும். அதில் ஜமக்காளமும் ஒன்று. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பு, கடையில் ‘பவானி ஜமக்காளம்’ என்ற பெயரோடு எங்கள் சரக்கைவிடக் குறைந்த விலையில் தொங்குகிறது. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதைத் தடுக்க வேண்டும், கூலியை உயர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை, எல்லாரும் செய்வது போலப் பிரஸ் மீட் வைத்தோம். இரண்டு பக்கத்துக்குப் பிரஸ் நோட், அதில் பதினான்கு கோரிக்கைகள். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை திருத்தி நானே டைப் செய்தேன். மூன்று நிருபர்கள் வந்து டீ குடித்துவிட்டுப் பேப்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் உள்பக்கத்தில், பருத்தி ஏல நிலவரத்துக்குக் கீழே நான்கு வரி வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிப் பார்த்து, “வந்திருக்குதே, போதும் கண்ணு” என்றார். எனக்குத்தான் பொக்கென்று போய்விட்டது.

அந்த மூவரில் ஒருவர் பகுதி நேர நிருபர். கல்யாணப் போட்டோ பிரிண்ட் போட எங்கள் கடைக்கு வருவார். நான்கு வரியில் ஏன் முடிந்தது என்று அவரிடமே கேட்டேன். “பாப்பா, நான் ராத்திரி ஏழு மணிக்கு டெஸ்க்குக்கு போன் பண்றேன். என்ன மேட்டர்னு கேப்பாங்க. ஒத்த வரியில நான் சொல்லியாகணும். உன் பேப்பர்ல பதினாலு இருக்குது. எந்த ஒத்த வரிய நான் சொல்றது?” என்றார்.

அது சரியாகத்தான் பட்டது. ஆனால் ஒற்றை வரி வேண்டும் என்பதை நான் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு காரியம் செய்தேன். அதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

மாவட்டத் தலைநகரான ஈரோட்டில் திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். நிருபர்களும் டிவிக்காரர்களும் காலையிலேயே அங்கே வந்துவிடுவார்கள். காலிக்குடம், மாலை, பாடை என்று எதையாவது கொண்டு வருகிறவர்களின் படம்தான் மறுநாள் பேப்பரில் வரும். ‘நூதன முறையில் மனு’ என்று தலைப்பு போடுவார்கள். நாமும் நூதனமாக ஏதாவது செய்யலாம் என்று கூடிப் பேசினோம். கழுத்தில் நூலைச் சுற்றித் தூக்குக் கயிறு போல மாட்டலாம் என்றார் ஒருவர். அது கூடவே கூடாது என்று உடனே தள்ளினோம். அதே வாசலில் மண்ணெண்ணெய் கேனுக்காகப் பையைச் சோதிக்கும் நிலைமை இருக்கிறது, உயிரை வைத்துப் படம் காட்டக் கூடாது. 2017இல் நம் மாநில விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தது நாடு முழுக்கத் தெரிந்ததே, அதுபோல எலும்புக்கூடு பொம்மை கொண்டு போகலாம் என்றார் இன்னொருவர். நிருபரிடம் கேட்டதற்கு, “அதுதான் பாத்தாச்சே” என்று முடித்துவிட்டார். கடைசியில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன்: ஜமக்காளத்தை உடம்பில் போர்த்திக்கொண்டு, கையில் திருவோடு ஏந்தி மனு கொடுப்பது.

எங்கள் பெரியப்பா முறையில் ஒருவர் ஒத்துக்கொண்டார். அறுபத்தைந்து வயது. சட்டையைக் கழற்றி, சிவப்புப் பச்சைக் கோடு போட்ட ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு நின்றார். கேமராக்காரர்கள் “திருவோட்டக் கொஞ்சம் தூக்குங்க, இன்னும் கொஞ்சம்” என்றார்கள். அவரும் தூக்கினார். மறுநாள் மூன்று பேப்பரில் படம் வந்தது, ஒன்றில் கலரிலேயே வந்தது. அன்று நாங்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் பேப்பரை எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா கதவருகே நின்றபடி, “இத எதுக்கு சாமி வூட்டுக்குக் கொண்டாந்தே” என்றார். பேரன் பள்ளிக்கூடத்தில் யாரோ அந்தப் படத்தைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். பெரியப்பா ஒரு வாரம் டீக்கடைப் பக்கமே வரவில்லை. உழைத்துச் சாப்பிட்ட மனுஷனைப் பிச்சைக்காரராக நிற்க வைத்த யோசனை என்னுடையது. படம் பார்த்தவர்களிடம் என்ன கோரிக்கை என்று கேட்டால் ‘நெசவாளர்களுக்குக் கஷ்டம்’ என்பதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. விசைத்தறிச் சரக்கு, 1985 சட்டம், புவிசார் குறியீடு எதுவும் யார் மனசிலும் ஏறவில்லை. படம் பெரிதாக வந்தது, விஷயம் பழைய நான்கு வரியாகவே கிடந்தது.

அதற்கப்புறம் வெகுநாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கொங்குப் பக்கம் செய்தியாக வேண்டும் என்று செய்தவற்றில் நாடே பேசியது மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரே தொகுதியில் 1033 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள். தங்கள் பிரச்சினையை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ததன் விளைவு அது. டெபாசிட் அப்போது 250 ரூபாய்தான். தேர்தலே தள்ளிப்போனது, ஓட்டுச்சீட்டைப் புத்தகம் போல அச்சடிக்க வேண்டியதாயிற்று. எண்பதுக்கும் மேற்பட்ட வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அம்மாயி (அம்மாவின் அம்மா) ஊர் அந்தப் பக்கம்தான். அந்தச் சீட்டை விரித்து, முத்திரை குத்திவிட்டு, மடிக்கத் தெரியாமல் நின்றதை அம்மாயி சொல்லச் சின்ன வயதில் பலமுறை கேட்டிருக்கிறேன். பிற்பாடு சட்டமன்றத் தேர்தல் டெபாசிட் 5000 ரூபாயாக உயர்ந்தது, சுயேச்சைகளுக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் ஆனது. இந்த 1033 என்ற எண்ணை இன்றும் பொது அறிவுப் புத்தகத்தில் பார்க்கலாம். ஆனால் அந்த விவசாயிகள் என்ன கேட்டார்கள் என்று, எங்கள் கடைக்கு வரும் படித்த பிள்ளைகள் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று 1972. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின்கட்டணப் பிரச்சினைக்காக மாட்டு வண்டிகளைக் கோயமுத்தூருக்குள் ஓட்டி வந்து நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான வண்டிகள், ஊர் அசையவில்லை. அப்போது கோவையில் மில் வேலையில் இருந்த எங்கள் தாத்தா ஒருவர் அதை நேரில் பார்த்தவர். அவர் சொல்லும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தேன். வண்டிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவர் தானாகவே கிணறு, மோட்டார், கரண்ட் பில் என்று போய்விட்டார். பார்த்து ஐம்பது வருஷம் ஆன பிறகும் வண்டியும் கோரிக்கையும் அவர் மனசில் ஒட்டுக்காகவே இருந்தன. வண்டி விவசாயியின் சொந்தப் பொருள், தினமும் பூட்டி ஓட்டுவது, வேஷத்துக்காக யாரும் கடன் வாங்கி வந்தது இல்லை. திருவோடு அப்படியா? அதை நாங்கள் முப்பது ரூபாய்க்குக் கடையில் வாங்கினோம்.

2023இல் இன்னொரு செய்தி வந்தது. வினோ சுப்ரஜா என்ற ஆடை வடிவமைப்பாளர் லண்டன் ஃபேஷன் வீக்குக்குப் பவானி ஜமக்காளத்தைக் கொண்டு போனார். அந்த மேடையில் எங்கள் பவானி நெசவாளர் ஒருவரும் நடந்தார். எங்கள் பெரியப்பா மாதிரியே வயதானவர், அதே தொழில். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ தெரியாது. பெரியப்பாவை நான் நிற்க வைத்த இடத்தையும் அவர் நடந்த இடத்தையும் நினைத்து அழுதேன். பத்திரிகைகள் அதை எழுதிய விதமும் வேறாக இருந்தது. யாரும் பரிதாபப்படவில்லை. ஜமக்காளம் என்றால் என்ன, எப்படி நெய்கிறார்கள் என்று கேட்டு எழுதினார்கள்.

சரி, எங்களுக்கு லண்டன் இல்லை. எங்களிடம் என்ன இருக்கிறது? பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அதைத்தான் எழுத ஆரம்பித்தோம். ‘என்ன செய்யலாம்’ என்ற கேள்வியையே எடுக்கக் கூடாது என்று முதலில் பேசிக்கொண்டோம், அந்தக் கேள்விதான் எங்களைத் திருவோட்டில் கொண்டுபோய் விட்டது. நம்மிடம் மட்டும் இருக்கும் பொருள் என்ன, நமக்குத் தெரிந்து வெளியில் யாருக்கும் தெரியாதது என்ன என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டோம். பெண்களையும் உட்கார வைத்தேன். முந்தைய கூட்டங்களில் அவர்கள் டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) பிணைப்பது முதல் நூல் சுற்றுவது வரை பாதி வேலை அவர்கள் கையில்தான் இருக்கிறது.

அவர்கள் சொன்ன பலதும் எனக்கே புதிதாக இருந்தது. அகல ஜமக்காளத்துக்கு ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், ஒருவர் எறியும் நாடாவை (ஊடு நூலைக் கொண்டுபோகும் கட்டை) மற்றவர் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவருக்கும் அன்றைக்குக் கூலி இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகப் பல வீடுகளில் நெய்கிறார்கள். “சண்ட போட்டாலும் நாடா எறியறத நிறுத்த முடியாதுங்க” என்றார் ஒரு அக்கா. அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தேன். நிறையப் பேர் சொன்ன இன்னொரு விஷயம், ஜமக்காளம் பிறந்த கதை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமைத் துணி வந்து பிழைப்பு படுத்தபோது, இங்கிருந்த ஜங்கமர்கள் என்ற நெசவுச் சமூகத்தார் சாயம் தோய்த்த முரட்டு நூலில் விரிப்பு நெய்து பிழைத்தார்கள். இன்று விசைத்தறியிடம் மாட்டிக்கொண்டு நிற்கும் எங்களுக்கு அதைக் கேட்கவே தெம்பாக இருந்தது. ஆனால் அதைப் படமாக எடுக்க முடியாதே.

எங்கள் செய்தி கடைசியில் அந்தத் தாள்களில் கிடைக்கவில்லை. காலிங்கராயன்பாளையத்தில் உறவுக்காரர் புதுவீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். ஒறம்பரை, அதாவது வந்த சொந்தபந்தம், அதிகம், உட்கார இடம் போதவில்லை. அந்த வீட்டு ஆத்தா பேரனை அட்டாலிமேல், அதாவது பரண்மேல், ஏறச் சொல்லி ஒரு மூட்டையை இறக்கினார். பிரித்து உதறி விரித்ததும் நீலமும் சிவப்புமாக அகலக் கோடு, ஓரத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது. “இது எங் கண்ணாலத்துக்கு எங்கப்பன் நெய்யச் சொல்லி வாங்கினது கண்ணு. மூணு புள்ள, ஏழு பேரம் பேத்தி கண்ணாலம் பாத்திருச்சு. எழவுக்கும் இதுதான், சீருக்கும் இதுதான். இன்னும் ஒரு நூல் வுடல பாரு” என்றார். கையால் தடவிப் பார்த்தேன். நிஜமாகவே ஒரு நூல் விடவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒற்றை வரி கிடைத்துவிட்டது: கைத்தறி ஜமக்காளம் அறுபது வருஷம் உழைக்கும், விசைத்தறி விரிப்பு உழைக்காது. எங்கள் கோரிக்கையே அதுதான். கூடவே படமும் அதற்குள்ளேயே இருந்தது.

அக்கம்பக்கத்து ஊர்களில் நோட்டீஸ் கொடுத்தோம்: உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பழைய ஜமக்காளத்தைக் கொண்டு வாருங்கள். குருப்பநாயக்கன்பாளையத்தில் மட்டும் வீடு வீடாக நானே போனேன். 47 வந்தன. நாங்கள் சொல்வதில் ஒரு பொய் இருந்தாலும் மொத்தமும் போய்விடும் என்பதால், ஒவ்வொன்றின் வயதையும் சரிபார்த்தோம். அந்த ஆத்தா, மூத்த மகன் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முந்தி வாங்கியது என்றார். மகனின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த வருஷம் 1965. அப்படியானால் 1963. சிலவற்றின் மூலையில் வாங்கியவரின் எழுத்தையும் வருஷத்தையும் நூலால் தைத்து வைத்திருந்தார்கள். வயதுக்கு ஆதாரம் இல்லாதவை, என் அப்பா தடவிப் பார்த்து ‘இது கைத்தறி இல்ல’ என்று சொன்னவை என ஒன்பதை ஒதுக்கினோம். நெருங்கிய சொந்தக்காரர் ஒருவருடையதும் அந்த ஒன்பதில் இருந்தது, அவருக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான்.

நாள் பார்த்துச் சொன்னது நிருபர் அண்ணன். “ஞாயித்துக்கிழமை காலையில வெய்யி. அரசாங்க ஆபீஸ் லீவு. திங்கக்கிழமை பேப்பருக்கு மேட்டர் கம்மியா இருக்கும்” என்றார். பண்டிகை நாள் வேண்டாம், அமைச்சர் யாராவது வருகிற நாளும் வேண்டாம் என்றார். போன தை மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஒன்பது மணி. கோயில் முன்னால் இருக்கும் வெட்டவெளியில் 38 ஜமக்காளங்களையும் வயது வரிசையில் விரித்தோம். ஒவ்வொன்றின்மேலும் அதன் சொந்தக்காரரும் அவர் வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் அட்டை: வாங்கிய வருஷம், நெய்தவர் பெயர் தெரிந்தால் அது, எத்தனை கல்யாணம் பார்த்தது. வரிசையின் கடைசியில், கடையில் ‘பவானி ஜமக்காளம்’ என்று சொல்லி விற்று, இரண்டே வருஷத்தில் நடுவில் இற்றுப்போன விசைத்தறி விரிப்பு ஒன்று. அதன்மேல் யாரும் உட்காரவில்லை.

நாற்காலி ஒன்றுகூடப் போடவில்லை. வந்த நிருபர்களும் கீழே ஜமக்காளத்தில் உட்கார்ந்துதான் பேட்டி எடுத்தார்கள். யாரும் யாரையும் கையைத் தூக்கச் சொல்லவில்லை. எதிர்வீட்டு மொட்டை மாடிச் சாவியை முந்தின நாளே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். போட்டோகிராபர்கள் மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “இன்னும் பத்து நிமிசம் யாரையும் எந்திரிக்க வேண்டாம்னு சொல்லுங்க” என்றார்.

கையில் கொடுக்க இந்தத் தடவை ஒரே பக்கம். மேலே அந்த ஒற்றை வரி, கீழே சட்டம் என்ன சொல்கிறது என்று மூன்று வரி, அப்புறம் ஐந்து பேரின் பெயர், வயது, ஊர். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அவர்களையே படித்துப் பார்க்கச் சொன்னேன். பதினான்கு கோரிக்கைகளில் பன்னிரண்டை எடுத்துவிட்டேன். அதற்கு எங்கள் ஆட்களிடமே சண்டை போட வேண்டியிருந்தது, அவரவருக்கு அவரவர் கோரிக்கைதானே பெரிது. டிவிக்காரர்களுக்குப் பேச ஆத்தாவையும் ஒரு நெசவாளரையும் மட்டும் முன்னால் அனுப்பினோம். ஆத்தாவுக்கு நாங்கள் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. ‘இன்னும் ஒரு நூல் வுடல’ என்று அவரே சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை பேப்பரில் ஈரோடு மாவட்டச் செய்திப் பக்கத்தில் அரைப்பக்கம் வந்தது, மேலிருந்து எடுத்த படத்தோடு. 1985 சட்டத்தைப் பெட்டிச் செய்தியாகத் தனியே போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தோஷம். இரண்டு டிவியில் வந்தது. பிறகு வாங்குகிறவர்கள் போன் பண்ணி, கைத்தறியா விசைத்தறியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு கல்யாண மண்டபக்காரர் பந்தி ஜமக்காளம் இருபத்திரண்டு கேட்டு ஆர்டர் கொடுத்தார். கூலி இன்னும் உயரவில்லை. விசைத்தறிச் சரக்கும் கடைகளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வேலை நிறைய பாக்கி இருக்கிறது.

கோவை வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றது 2019இல் நாடு முழுக்கப் பரவியதே, அதற்கு முன்னால் ஏறக்குறைய முப்பது வருஷமாக அவர் அதையேதான் செய்துகொண்டிருந்தார். அந்த ஆத்தா வீட்டு அட்டாலியிலும் எங்கள் செய்தி அறுபது வருஷம் மூட்டையாகக் கிடந்திருக்கிறது. நான்தான் திருவோடு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறேன்.

பெரியப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். நான் வற்புறுத்தவில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை. ஒன்பதரை மணிக்குப் பெரியம்மாவோடு வந்து, வெள்ளைச் சட்டை வேட்டியில், 1981 என்று அட்டை வைத்திருந்த ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். அது அவரே நெய்தது. நெய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் அந்த அட்டையில் காலியாக இருந்தது. பேனாவை என்னிடம் வாங்கி அவரே எழுதினார்.

அடுத்து, தனியாக எடுத்து வைத்த அந்தக் காலண்டர் தாள். ஒரே தறியில் நாடா எறியும் கணவன் மனைவியர் பதினோரு ஜோடி சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை ஒரு வார இதழ் நிருபர் வருகிறார், அதற்குள் எல்லார் வயதையும் சரிபார்த்து டைப் செய்ய வேண்டும். இதைப் படிக்கும் உங்கள் வீட்டு அட்டாலியிலோ பரணிலோ பழைய ஜமக்காளம் இருந்தால், ஒரு நாள் இறக்கி மூலையைப் பாருங்கள். எழுத்தோ வருஷமோ தைத்திருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 1963ஐ விடப் பழையது இன்னும் கிடைக்கவில்லை.